செயின்ட் ஒலிவ் தீவின் ஒரே ஒரு கோல்

கரீபியன் கடலில் செயின்ட் ஒலிவ் என்று ஒரு தீவு இருந்தது. வரைபடம் போடுகிறவர் பேனாவைக் கொஞ்சம் அழுத்தி வைத்தால் தீவே மறைந்துவிடும், அவ்வளவு சிறிசு. ஆனாலும் அது ஒரு தனி நாடு. கொடி இருந்தது, தேசிய கீதம் இருந்தது, கால்பந்து அணியும் இருந்தது. அந்த அணி அதுவரை எந்த நாட்டுக்கு எதிராகவும் ஒரு கோல்கூடப் போட்டதில்லை என்பதுதான் ஒரே குறை.

அந்தக் குறை மற்ற எல்லோரையும்விட கேப்டன் ஒக்தாவ் வீராப்பனைத்தான் அதிகம் அரித்தது. கரும்பு வெட்டக் காரைக்காலிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் வம்சம் அவன். ரொட்டிக்கடை வைத்திருந்தான். முட்டி தேய்ந்து போயிருந்தது. பக்கத்துப் பெரிய தீவுக்காரர்களோடு நடக்கப்போகும் ஆட்டம்தான் கடைசி என்று மனைவி சிதோனி சொல்லிவிட்டாள். சிதோனி சொன்னால் சொன்னதுதான். இந்த ஆட்டத்திலும் விட்டுவிட்டால், கோலே போடாத கேப்டன் என்ற பெயரோடுதான் மீதி ஆயுசுக்கும் மாவு பிசைய வேண்டும்.

அந்த ஊர்க்காரர்கள் பேசுவது கிரியோல். நமக்குப் புரியட்டும் என்று இந்தக் கதை முடியும் வரை தமிழில் பேசச் சம்மதித்திருக்கிறார்கள்.

அணியைத் தேற்ற ஹாலந்திலிருந்து ஹெண்ட்ரிக் என்ற கோச் வந்து இறங்கினார். மைதானத்தைப் பார்த்தார். ஒரு பக்கம்தான் கோல் கம்பம் நின்றது.

"இன்னொண்ணு எங்கே?" என்று கேட்டார்.

"புயல்ல போச்சு சார்" என்றான் கோல்கீப்பர் பாசில்.

"எந்தப் புயல்ல?"

"அப்போ நான் பொறக்கலை சார்."

"பின்னே எப்படித்தான் விளையாடுறீங்க?"

"ரெண்டு கட்சியும் இதே கம்பத்துலதான் போடுவோம். எந்தக் கட்சி போட்டாலும் எல்லாருமா கை தட்டுவோம். இதுவரைக்கும் ஒரு சண்டை வந்ததில்லை."

கோச் நிழலில் போய் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். பிறகு பெரிய தீவுக்குப் போன் போட்டு, வரும்போது ஒரு கோல் கம்பத்தையும் கப்பலில் ஏற்றி வரும்படி கேட்டுக்கொண்டார். ஆட்டம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்ற பேச்சில் அவர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

இவர்களுக்கு வித்தையெல்லாம் சொல்லிக் கொடுத்துப் பிரயோஜனமில்லை, ஆளுக்கொரு கட்டளை போதும் என்று கோச் முடிவு செய்தார். தடுப்பாட்டக்காரன் அனாடோலைக் கூப்பிட்டு, "அவங்க ஒன்பதாம் நம்பர் பொல்லாதவன். அவன் எங்கே போனாலும் நீ கூடவே போ. நான் சொல்ற வரைக்கும் விடாதே" என்றார். மற்றவர்களிடம், "பந்தை விட்டுக் கண்ணை எடுக்காதீங்க. உலகமே இடிஞ்சாலும் பந்தைத்தான் பார்க்கணும்" என்றார். ஒக்தாவின் முட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க ஓடவே வேணாம். அவங்க கம்பத்துக்கு முன்னால ஒரு இடம் பார்த்து நில்லுங்க. அசையாதீங்க. பந்து உங்களைத் தேடிக்கிட்டு வரும்" என்றார்.

"பந்துக்கு நான் நிக்கிற இடம் தெரியுமா சார்?"

"தெரியும்."

ஒக்தாவுக்கு உடம்பெல்லாம் தெம்பு வந்தது.

ஆட்டத்தன்று காலையில் கப்பல் வந்தது. பெரிய தீவுக்காரர்கள் தங்கள் கோல் கம்பத்தை இறக்கி, மைதானத்தின் மறுபக்கத்தில் நட்டார்கள். வெள்ளைப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருந்தது. செயின்ட் ஒலிவ் அணி அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு யோசனையில் உட்கார்ந்தது.

"இது அவங்க சொத்து" என்று ஆரம்பித்தான் பாசில். "ஒருத்தர் வீட்டுச் சாமானை இரவல் வாங்கிட்டு அதுமேலயே உதைக்கிறது மரியாதையா?"

"மேலே உதைக்கலையே, உள்ளேதானே உதைக்கப்போறோம்" என்றான் தபால்காரன் ஸெஃபிரன். அவன் நடுக்களத்தில் ஆடுகிறவன்.

"வலை கிழிஞ்சா?"

கடைசியில் ஒக்தாவே எழுந்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு, எதிரணிக் கேப்டனிடம் போனான். "தப்பா நினைக்காதீங்க. உங்க கம்பத்துக்குள்ள நாங்க ஒரே ஒரு கோல் போட்டுக்கலாமா?"

அந்த மனிதர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "முடிஞ்சாப் போட்டுக்கோங்க."

"ரொம்ப நன்றி. வலைக்குச் சேதம் வராமப் பார்த்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டு வந்தான் ஒக்தாவ்.

விசில் ஊதியதும் ஸெஃபிரன் பந்தை எடுத்துக்கொண்டு பறந்தான். பிறந்ததிலிருந்து அவன் பார்த்தது ஒரே ஒரு கம்பம். கால் தானாக அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. சொந்தக் கோலில் பாசிலைத் தாண்டி அருமையாக ஒன்று போட்டான். பாசில் அவனைக் கட்டிப்பிடித்துப் பாராட்டினான். ஊரே கை தட்டியது. பெரிய தீவுக்காரர்களும் மரியாதைக்காகக் கொஞ்சம் தட்டினார்கள்.

சற்று நேரத்தில் காற்று கிளம்பியது. அந்தத் தீவில் காற்று ஒரே பக்கமாகத்தான் அடிக்கும். யாரோ உயர உதைத்த பந்தைத் தூக்கிக்கொண்டுபோய்க் கடலில் போட்டது. செயின்ட் ஒலிவ் ஆட்டக்காரர்கள் பந்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் கரைவரை நடந்து, வரிசையாக நின்று, அலையில் அது ஆடி ஆடிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவர் வேறு பந்து கொண்டுவரச் சொன்னார். பெரிய தீவுக்காரர்கள் காலியான கோலில் அடுத்தடுத்து மூன்று கோல் போட்டார்கள்.

"பந்தைப் பாருங்கடா" என்று தலையில் அடித்துக்கொண்டார் கோச்.

"அதைத்தான் சார் பார்க்கிறோம்" என்றான் பாசில், கடலிலிருந்து பார்வையைத் திருப்பாமல். "இன்னும் தெரியுது. நீங்க கவலைப்படாதீங்க."

இடைவேளைக்குப் பிறகு பெரிய தீவின் ஒன்பதாம் நம்பருக்குக் கால் பிசகியது. அவன் வெளியே போனான். அனாடோலும் கூடவே போனான். அவன் பெஞ்சில் உட்கார்ந்தான், இவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் கக்கூஸுக்குப் போனான், இவன் கதவோரம் நின்றான். திரும்பி வா என்று சொல்ல வேண்டிய கோச், அதற்குள் பேச்சை நிறுத்திவிட்டிருந்தார். ஆக, எதிரணி இன்னும் மூன்று கோல் போட்டது. ஸெஃபிரன் போட்டதையும் சேர்த்து மொத்தம் ஏழு.

இத்தனை கூத்திலும் ஒக்தாவ் அசையவில்லை. இடைவேளையில் நடுவர் வந்து பக்கம் மாற வேண்டும் என்றபோது மட்டும், கோச்சிடம் அனுமதி வாங்கிக்கொண்டு எதிர்க்கோடிக்கு நடந்து போய் அங்கே நின்றான். ஆனால் பக்கம் மாறவே முடியாமல் போயிற்று. பெரிய தீவுக்காரர்கள் தங்கள் கம்பத்தைத் தாங்களேதான் காப்போம் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்கள். நடுவருக்கும் வெயில் தாங்கவில்லை, சரி என்றுவிட்டார். ஒக்தாவ் பழைய இடத்துக்கே திரும்பி வந்து நின்றான்.

பந்தே வராததால் எதிரணிக் கோல்கீப்பர் கம்பத்தில் சாய்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். ஒக்தாவ் அவரைப் பார்க்கத் திரும்பி, ரொட்டி மாவில் உப்பை எப்போது சேர்க்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தான். உள்ளுக்குள் அழுகை முட்டியது. ஆட்டம் முடியப்போகிறது, பந்து இன்னும் தேடி வரவில்லை.

அப்போதுதான் பாசில் கோல் உதை ஒன்று உதைத்தான். காற்று அதை வாங்கிக்கொண்டது. மைதானம் முழுக்கப் பறந்து வந்த பந்து ஒக்தாவின் பின்னந்தலையில் மொத்தென்று விழுந்து, கோல்கீப்பரின் ஆரஞ்சைத் தாண்டி, வலைக்குள் போய்ச் சேர்ந்தது.

நடுவர் கோல் என்று கை காட்டினார். ஒக்தாவ் தலையைத் தடவியபடி வலையைப் பார்த்தான். குழந்தை மாதிரி அழுதான். சிதோனி செருப்பை உதறிவிட்டு ஓடி வந்து, அவன் தலையின் வீக்கத்துக்கு முத்தம் கொடுத்தாள். ஏழுக்கு ஒன்று என்று ஆட்டம் முடிந்ததை யாரும் கவனிக்கவில்லை.

சாயங்காலம் பெரிய தீவுக்காரர்கள் தங்கள் கம்பத்தைப் பிடுங்க வந்தார்கள். ஒக்தாவ் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"இதுக்குள்ளதான் என் கோல் இருக்கு. இதைக் கொண்டுபோனா அதுவும் போயிடுமே."

அவன் சொல்வதில் இருந்த நியாயம் ஊராரைக் கலக்கியது. எத்தனையோ வருஷம் கழித்து வந்த ஒரே கோல், ஒரு ராத்திரிகூட ஊரில் தங்காமல் கப்பலேறுவதா என்று பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். ஸெஃபிரன்தான் வழி கண்டுபிடித்தான்.

"அவங்க போட்ட ஏழும் நம்ம கம்பத்துலதானே கிடக்கு? நம்ம கம்பத்தை அவங்க எடுத்துக்கட்டும். அவங்க கம்பம் இங்கேயே இருக்கட்டும். அவங்கவங்க கோல் அவங்கவங்களுக்கு."

பெரிய தீவுக் கேப்டனுக்குக் கப்பலுக்கு நேரமாகிவிட்டிருந்தது. "ஏதோ ஒரு கம்பம் குடுங்க, போதும்" என்றார்.

பாசில் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தான். முகம் மெல்ல மலர்ந்தது. "அண்ணே, அவங்க ஏழும் தீவை விட்டுப் போயிட்டா, இங்கே மிச்சம் நம்ம ஒண்ணுதான். ஒண்ணுக்குச் சைபர். நாம ஜெயிச்சிட்டோம்."

ஒக்தாவ் ஆட்களை உடனே கூட்டினான். பழைய கம்பத்தைப் பெயர்த்து, வலையோடு சேர்த்துத் தார்ப்பாய் சுற்றி, வாயை மூன்று கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். தோளில் தூக்கிக்கொண்டு, குலுங்காமல், ஈமச் சடங்குக்குப் போகிறவர்கள் மாதிரி மெல்ல மெல்லத் துறைமுகத்துக்கு நடந்தார்கள். கப்பலில் ஒன்பதாம் நம்பருக்குப் பக்கத்தில் அனாடோல் உட்கார்ந்திருந்தான்.

"அனாடோல்" என்று கரையிலிருந்து குரல் கொடுத்தான் ஒக்தாவ், "அந்தக் கரை சேர்ற வரைக்கும் தார்ப்பாயை அவிழ்க்க விடாதே."

கப்பல் நகர்ந்தது. ஊரே ஆரவாரம் செய்தது. ஒக்தாவ் மட்டும் விளக்கை எடுத்துக்கொண்டு, துறைமுகத்திலிருந்து மைதானம் வரை பாதையோரப் புதர்களையெல்லாம் விலக்கிப் பார்த்தபடி நடந்தான். வழியில் ஒன்று நழுவி விழுந்திருந்தாலும் ஆட்டம் சமனாகிவிடும்.