மேடு ஏறாத லாரி

சங்ககிரியில் லாரிப் பட்டறை வைத்திருந்த பாவாயியிடம், லாரி முதலாளி வையாபுரி தன் ஆறு சிலிண்டர் லாரியைக் கொண்டுவந்தார்.

"மேடு ஏற மாட்டேங்குது. பம்புல டீசலைக் கூட்டிப் பவரை ஏத்து. அப்பவும் ஏறலைன்னா டிரைவருக்கு வேலை இல்லை."

இருபது வருஷமாக அவரிடம் வண்டி ஓட்டும் செங்கோடன் தலைகுனிந்து நின்றார்.

"ஏத்திடலாமுங்க," என்றாள் பாவாயி. "முதல்ல நீங்க எட்டு இட்லி தின்னுட்டு, மூக்கையும் வாயையும் பொத்திக்கிட்டு அந்த மேட்டுல ஓடுங்க."

"மூச்சு முட்டிச் செத்துருவேனே!"

"வண்டிக்கும் அதேதானுங்க." எஞ்சினுக்குக் காற்று போகும் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினாள். புழுதி கொட்டியது. செங்கோடனைக் காட்டிக் கேட்டாள்: "இதை மாத்தச் சொல்லி இவர் கேக்கவே இல்லீங்களா?"



புது ஃபில்டர் மாட்டிய பிறகே டீசலைக் கொஞ்சம் கூட்டினாள். வையாபுரியே ஓட்டிப் பார்த்தார். லாரி புகையில்லாமல் மேடேறியது.

திரும்பி வந்தவர் சாவியைச் செங்கோடன் கையில் வைத்தார். "மூணு தடவை கேட்டீங்கண்ணே. நான்தான் காதுல வாங்கலை."