மூன்றாம் ஓலை

உபதேசியார் தவசிமுத்துவுக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

சபையில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு ஆராதனையில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்க வேண்டும். யாருக்காவது தடை இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும். சபையைச் சேர்ந்த ரத்தினராஜின் மகள் ஹெப்சிபாவின் கல்யாணத்துக்கு இரண்டு ஓலை வாசித்தாயிற்று. இரண்டு முறையும் உபதேசியாருக்கு நெஞ்சு கனத்துப்போயிற்று. மூன்றாவது ஓலை நாளைக்கு.

சனிக்கிழமை மத்தியானமே பஸ் ஏறி போதகர் ஜெபசிங் ஐயரிடம் வந்துவிட்டார். ஐயர் அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனால் தவசிமுத்து ஒழுங்காக ஜெபம் பண்ணக் கற்றுக்கொண்டது அவரிடம்தான்.

“ஐயா, நெஞ்சுல தோணுதது ஆண்டவர் பேசுததா, நம்ம கற்பனையா? எப்படிக் கண்டுபிடிக்க?”

“என்ன தோணிச்சு?”

“அந்த மாப்பிள்ளை சரியில்லன்னு.”

“விசாரிச்சியளா?”

“நாலு ஊர்ல விசாரிச்சேன். ஒரு குறையும் சிக்கல. அதான் பயமா இருக்கு.”

ஐயருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஓலை கையில இருக்கா? வாசிங்க.”

வாசித்தார். “இந்தா, இப்பவும் கனக்கு.”

“இன்னொருக்க. மெதுவா. கனக்குத இடத்துல நிப்பாட்டிருங்க.”

தவசிமுத்து மறுபடி வாசித்தார். மாப்பிள்ளையின் ஊரைத் தாண்டினார். ஆசீர் கிளமென்ட் என்ற பெயரையும் தாண்டினார். ஹெப்சிபா என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. அவருக்கே திக்கென்றது.

“அந்தப் பிள்ளைகிட்டப் பேசினியளா?” என்றார் ஐயர்.

“அவகிட்ட என்ன பேச? தகப்பனார்கிட்டதான் பேசினேன்.”

“அடுத்த பஸ்ஸுக்குப் போயிருங்க.”

உபதேசியார் போனபோது ஹெப்சிபா வீட்டின் பின்புறம் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள்.

“உனக்கு இந்தக் கல்யாணத்துல சம்மதந்தானம்மா?”

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “தடை இருக்கா, தடை இருக்கான்னு சபை பூராவும் கேட்டிய. என்னைய ஒருத்தரும் கேக்கலியே” என்று அழுதாள். “அவுக நல்லவுகதான். எனக்குத்தான் மனசு இல்ல. அப்பாகிட்டச் சொல்லப் பயமா இருக்கு.”

உபதேசியாருக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவளை அழைத்துக்கொண்டு போய்த் தகப்பன் முன்னால் உட்கார்ந்தார். ரத்தினராஜ் குதித்தார், பாத்திரத்தை எறிந்தார், கடைசியில் மகள் பேசியதைக் கேட்டார். மறுநாள் மூன்றாம் ஓலை வாசிக்கப்படவில்லை.

உபதேசியாருக்குத் தீர்க்கதரிசன வரம் என்று ஊரில் பேச ஆரம்பித்தார்கள். அது அவருக்கும் கசக்கவில்லை. அந்த வாரமே ஐயரிடம் வந்தார்.

“எனக்குள்ள பேசினது ஆண்டவர்தானய்யா?”

“அவர்தான்.”

“அப்ப இனி நெஞ்சு சொல்லுததை நம்பலாம்?”

“நம்பணும். மாப்பிள்ளை வீட்டுல இருந்து நேத்து வந்திருந்தாங்க. நீங்க விசாரிச்ச ஊர்ல எல்லாம், என்னமோ குறை இருக்குன்னு பையன் பேரு கெட்டுப்போச்சாம். வேற பொண்ணு பாக்க முடியலியாம்.”

தவசிமுத்துவுக்கு முகம் வெளுத்தது. “நான் அவரைப் பத்திக் குறையா ஒரு வார்த்தை சொல்லலியே! நெஞ்சு கனத்துச்சு. அதனாலதான் விசாரிச்சேன். அந்தக் கனம் ஆண்டவர் தந்ததுதானே?”

“கனம் அவர் தந்தது, உபதேசியாரே. அது மாப்பிள்ளையாலதான்னு முடிவு பண்ணுனது நீங்க.”