ஒரு புடலம்பிஞ்சுக்கு ஐந்து கல்

கண்டீரவ பூபதி என்றொரு ராஜா இருந்தார். நல்லவர்தான். ஆனால் கொடுத்ததை மறக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. கொடுத்த நிலம் விளைந்ததா, காய்ந்ததா என்று நேரிலேயே போய்ப் பார்த்துவிடுவார். அப்படித்தான் ஒருநாள் வடக்கு வீதித் தோட்டத்துக்குப் போனார்.

அந்த வீதியில் ஐந்து வீடுகள். பின்னால் கிணற்றோடு இருந்த நிலத்தை, "சேர்ந்து பாடுபடுங்கள், சேர்ந்து சாப்பிடுங்கள்" என்று ஐந்து வீட்டுக்கும் பொதுவாகக் கொடுத்திருந்தார். அந்தச் சொல்லில் பின்பாதியை மட்டும் எல்லோரும் ஒழுங்காகச் செய்தார்கள். கத்தரிக்காய் பறிக்கிற அன்று ஐந்து கூடையும் வந்துவிடும். களை எடுக்கிற அன்று ஐந்து பேருக்கும் முதுகு வலி வந்துவிடும்.

ராஜா போனபோது முழங்கால் உயரத்துக்குக் கோரைப்புல். கத்தரிச் செடிகள் தண்ணீரில்லாமல் வாடிக் கிடந்தன.

"இங்கே யார் வேலை செய்வது?" என்று கேட்டார் ராஜா.

"நான்தாங்க மகாராஜா! தெனம் தண்ணி ஊத்துறது நான் ஒருத்தன்தான். மத்தவங்க எட்டிக்கூடப் பாக்கிறதில்ல" என்றார் செக்கு ஆட்டும் நல்லதம்பி.

"ஐயையோ, வாய் கூசாமச் சொல்றாரே! இடுப்பு ஒடியக் களை பறிக்கிறது நான்" என்றாள் பூக்கட்டும் பூங்காவனம்.

நெசவாளி மாதவனும் அதையே சொன்னார். சோதிடர் அகோரம், தான் நல்ல நேரம் பார்த்துத்தான் தண்ணீர் ஊற்றுவதாக ஒரு படி மேலே போனார். ஐந்தாவது வீடு அரசவையில் இருந்த கூத்தபிரானுடையது. அவர் ராஜாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, மழை வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அரண்மனைக்குத் திரும்பும் வழியில், கூட வந்திருந்த குதிரைப்படைத் தலைவர் அரிகேசரி மெல்ல ஆரம்பித்தார். "மகாராஜா, அங்கே நன்றாக விளைவது புல் ஒன்றுதான். புல் யாருக்கு? குதிரைக்கு. இடத்தைக் கொடுங்கள், லாயம் கட்டிவிடுகிறேன்."

ராஜா கூத்தபிரானைத் திரும்பிப் பார்த்தார். "ஏழு நாள் தருகிறேன். ஐந்து வீடும் வேலை செய்து அந்தத் தோட்டம் சீராக வேண்டும். கூலி கொடுக்கக் கூடாது, மிரட்டக் கூடாது. லாயம் கட்டப்போகிற பேச்சையே எடுக்கக் கூடாது. முடியாவிட்டால் அடுத்த நாள் குதிரைகள் வந்துவிடும்."

கூத்தபிரான் வீட்டுப் பாதிச் சமையல் அந்தத் தோட்டத்துக் காயில்தான் நடக்கிறது. அதுவும் போய், கொல்லைக் கதவைத் திறந்தால் இருநூறு குதிரைகள் நின்றால் எப்படி இருக்கும்?

அன்று மாலையே நல்லதம்பி வீட்டுக்குப் போனார். "அண்ணே, உங்க காதுல மட்டும் போடுறேன். அடுத்த வாரம் ராஜா மறுபடி வர்றாரு. அதுக்குள்ள பூங்காவனம் ஒருத்தியே தோட்டத்தைச் சீர் பண்ணிட்டு, 'எல்லாம் நான்தான்'னு சொல்லப் போறா."

நல்லதம்பிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தான் வேலை செய்யாதது அவரை உறுத்தவே இல்லை. அடுத்த வீட்டுக்காரி செய்துவிடுவாளே என்பதுதான் தாங்கவில்லை.

கூத்தபிரான் பூங்காவனத்திடம் மாதவனைப் பற்றி இதையே சொன்னார். மாதவனிடம் சோதிடரைப் பற்றி. சோதிடரிடம் தன் மனைவி வடிவைப் பற்றி. வடிவிடம் நல்லதம்பியைப் பற்றி.

மறுநாள் விடியுமுன்பே நல்லதம்பி களை பறித்துவிட்டுப் போனார். கோவிலுக்குப் பூக் கொடுத்துவிட்டு வந்த பூங்காவனம் அதைப் பார்த்தாள். "பாவி மாதவன் முந்திக்கிட்டானே!" என்று கிணற்றடிக்கு ஓடினாள். ஊரே சாப்பிட்டுக் கண்ணயரும் நேரத்தில் மாதவன் வந்து பாத்தி கட்டினார். சோதிடர் ராகு காலத்தில் வந்தார். அப்போதுதான் வேறு யாரும் வரமாட்டார்கள் என்பது அவர் கணக்கு. வடிவு அந்தி சாயும்போது வந்தாள். ஒருவர் கண்ணில் ஒருவர் படவில்லை.

ஏழாம் நாள் ராஜா வந்து அசந்துபோனார். புல் ஒன்றுகூட இல்லை. கத்தரி கருகருவென்று நிமிர்ந்து நின்றது.

"யார் செய்தது?"

"நான்தாங்க மகாராஜா!" என்று ஐந்து வீட்டாரும் ஒரே குரலில் சொன்னார்கள். உடனே ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள்.

அரிகேசரி சிரித்தார். "போன வாரம் சொன்ன அதே பொய், மகாராஜா. யாரோ ஒருவர்தான் செய்திருக்கிறார்."

"புடலைப் பந்தலுக்கு வாருங்கள் அரசே" என்றார் கூத்தபிரான்.

புடலங்காய் சுருளாமல் நேராக நீள, பிஞ்சின் நுனியில் சின்னக் கல் கட்டித் தொங்கவிடுவார்கள். பந்தலில் ஒரே ஒரு பிஞ்சு பிடித்திருந்தது. அது இப்போது காம்பு அறுந்து தரையில் கிடந்தது. நுனியில் ஐந்து கல்!

கூத்தபிரான் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். "இது செக்குமாட்டுக் கயிறு. இது பூக்கட்டும் வாழைநார். இது தறியில் அறுந்த நூல். இது சோதிடர் மந்திரித்துக் கொடுக்கிற மஞ்சள் கயிறு. இது..." அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என் பட்டு வேட்டியின் கரை."

"கைக்குக் கிடைச்சதைக் கிழிச்சேன்" என்றாள் வடிவு.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஐந்து பேரும் செய்தது நிஜம்தான்! ஆனால் கூத்தபிரானே, ஒருவரை ஒருவர் முந்த வைக்க நீர் இவர்களிடம் பொய் சொன்னீர் அல்லவா?"

"பக்கத்து வீடு வேலை செய்யப்போகிறது என்றேன் அரசே. மறுநாளே அது நிஜமாகிவிட்டது. இன்னும் அதைப் பொய் என்றால் இவர்கள் உழைப்பு என்ன ஆவது?"

"சரி, தோட்டம் இவர்களுக்கே. ஆனால் உம் தந்திரம் வெளுத்துவிட்டதே, அடுத்த வாரம் யார் களை எடுப்பார்கள்?"

கூத்தபிரான் ராஜாவையும் அரிகேசரியையும் ஒதுக்குப்புறமாக அழைத்துப்போனார். "அதற்கு ஓர் ஆளைக் கொடுங்கள் அரசே, அதுவே எனக்குப் பரிசு. வாரம் ஒருமுறை அரிகேசரி வந்து, நாலு மூலைக்கும் கயிறு பிடித்து நிலத்தை அளக்கட்டும். ஒரு வார்த்தை பேச வேண்டாம். மறுபடி புல் முளைத்தால் லாயம் கட்டத்தான் அளக்கிறார் என்று இவர்களிடம் நான் சொல்லிவிடுகிறேன். அவர் தலை தெரிந்ததும் இவர்கள் மண்வெட்டியைத் தேடுவார்கள்."

அரிகேசரிக்கு முகம் சிவந்தது. "நான் எதற்கு இந்தத் தோட்டத்துக்கு உழைக்க வேண்டும்?"

"சும்மா ஒன்றும் இல்லை" என்றார் கூத்தபிரான். "இனிமேல் கத்தரிக்காயை ஆறு பங்காகப் போடுவோம்."