கடைசி முப்பது மில்லி

முப்பது மில்லி தாய்ப்பால், மூன்று குழந்தைகள். ஆளுக்குப் பத்து என்று இப்போதே வாயைத் திறக்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அப்படி முடிகிற காரியமாக இருந்தால் நான் ஏன் இதைக் கதையென்று தூக்கிக்கொண்டு வருகிறேன்?

அது ஒரு மாவட்ட அரசு ஆஸ்பத்திரி. பிரசவ வார்டை ஒட்டித் தாய்ப்பால் வங்கி. பால் மிஞ்சிய தாய்மார்கள் பீய்ச்சிக் கொடுப்பதைப் பக்குவம் செய்து உறையவைத்து, பால் கிடைக்காத பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். பொறுப்பு சிஸ்டர் ஜெபராணி. பத்தொன்பது வருடமாக அவருக்குச் சண்டை பவுடர் பால் டின்னோடுதான். கொதிக்காத தண்ணீரில் கலக்கி, டின் சீக்கிரம் தீர்ந்துவிடுமே என்று மூன்று கரண்டி போட வேண்டிய இடத்தில் ஒன்று போட்டு, வயிற்றுப்போக்கில் வதங்கி வந்த பிள்ளைகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். அதனால் வங்கிச் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதிவைத்தார்: 'பவுடர் பால் விஷம்.' படிக்கத் தெரியாதவர்களுக்கு வாயாலும் சொன்னார்.

பொங்கல் வந்தது. பால் கொடுக்கிற தாய்மார்கள் அநேகமாக எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள். மாட்டுப்பொங்கலன்று காலையில் ஃப்ரீசரில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு புட்டி, முப்பது மில்லி. சிஸ்டர் அதை எடுத்து உருகவைத்துவிட்டார். உருகிய பாலைத் திரும்ப உறையவைக்கக் கூடாது, ஒரு நாளைக்குள் தீர்த்தாக வேண்டும். அந்த நேரம் பார்த்து மூன்று இடத்திலிருந்து தேவை வந்தது.

முதலாவது, கவுன்சிலர் தணிகாசலத்தின் பேரன். முந்தின நாள் பிறந்தவன், மூன்று கிலோ சொச்சம், கத்தினால் வார்டே அதிரும். தாய்க்கு ஆபரேஷன், பால் இன்னும் ஊறவில்லை. வங்கிக்கு ஃப்ரீசர் வாங்கிக் கொடுத்ததே கவுன்சிலர்தான். திறப்பு விழாவில் பேசியதும் அவர்தான்.

"என் வீட்டுல டின்னு நுழையாதுன்னு மைக்கைப் பிடிச்சுப் பேசினவன் சிஸ்டர் நான். இப்ப நானே வாங்கிட்டுப் போனா ஊர் சிரிக்காதா?" என்றார். அவர் கவலை அவருக்கு. ஆனால் ஃப்ரீசர் இல்லாவிட்டால் வங்கியே இல்லை என்பதும் நிஜம்தானே.

இரண்டாவது, தேன்மொழியின் மகள். நாற்பது நாள் குழந்தை, நாலு கிலோவை எட்டப்போகிறாள். வாரம் இரண்டு தடவை பஸ் ஏறி வந்து பால் கொடுத்தவள் தேன்மொழி. யார் பெற்ற பிள்ளையாக இருந்தால் என்ன, விஷம் குடிக்க வேண்டாமே என்று கொடுத்தாள். இப்போது அவளே காய்ச்சலில் விழுந்துவிட்டாள். போடுகிற மருந்து பாலில் இறங்கும், மூன்று நாள் பிள்ளைக்குக் கொடுக்காதே, பீய்ச்சிக் கீழே ஊற்று என்றுவிட்டார் டாக்டர். மார் கனத்து வலிக்க, ஊறிய பாலை வாஷ்பேசினில் கொட்டிவிட்டு வங்கி வாசலில் வந்து நின்றாள். பார்க்கவே மனசு கேட்கவில்லை. புட்டிகளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அந்தக் கடைசிப் புட்டியின் எண் அவளுக்குத் தெரியும். அது அவள் கொடுத்த பால்.

மூன்றாவது குழந்தைக்காக யாரும் வந்து கேட்கவில்லை. செங்கல் சூளையில் வேலை செய்யும் பச்சையம்மாள் ஏழாம் மாதத்தில் பெற்றது, ஒரு கிலோ நூறு கிராம். தாய் வலிப்பு வந்து நினைவில்லாமல் அடுத்த கட்டிடத்தில் கிடக்கிறாள். தகப்பன் அவள் தலைமாட்டை விட்டு நகரவில்லை. பிள்ளைக்கு மூக்கில் குழாய், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இரண்டு மில்லி. பிறந்தது வேறொரு சின்ன ஆஸ்பத்திரியில். அங்கே பவுடர் பால் கொடுத்ததில் வயிறு கல்லாக உப்பிவிட்டது. இங்கே கொண்டுவந்து இரண்டு நாள் குளுக்கோஸில் வைத்துத்தான் மீட்டார்கள்.

சிஸ்டர் தேன்மொழியின் கையைப் பிடித்துக்கொண்டு, "மூணு நாளைக்கு மட்டும் பவுடர் குடுப்போமாம்மா? நானே கலக்கித் தரேன்" என்றார்.

தேன்மொழி சுவரைப் பார்த்தாள். "நீங்கதானே சிஸ்டர் விஷம்னு சொன்னீங்க? என் பால ஊருக்கெல்லாம் குடுத்துட்டு, என் பிள்ளைக்கு நானே விஷத்த ஊட்டவா?"

ஜெபராணி திரும்பிப் பார்த்தார். வார்டு முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறது. விஷம் இல்லை என்று சொன்னால் நாளைக்கே கட்டிலுக்குக் கட்டில் டின் முளைக்கும், இத்தனை வருடப் பாடும் வீண். விஷம்தான் என்று சொன்னால், அதை இவள் பிள்ளைக்கு எந்த முகத்தோடு நீட்டுவது?

இப்போது சொல்லுங்கள். அந்தப் புட்டி யாருக்கு? தேன்மொழிக்கு சிஸ்டர் என்ன பதில் சொன்னால் சரி?

விடை: புட்டி பச்சையம்மாளின் பிள்ளைக்கு. மற்ற இரண்டும் ஒன்றிரண்டு வேளையில் அதைக் குடித்துவிட்டு அடுத்த வேளைக்கு மறுபடி அழும், இதற்கோ ஒரு நாள் முழுக்க வரும். அவை இரண்டும் அளவாய்க் கலந்த பவுடரைத் தாங்கும், இது தாங்காது என்பது முன்பே தெரிந்துபோயிற்று. இது சுலபமான பாதி. மற்ற பாதிக்கு சிஸ்டர் வார்டு கேட்கவே பதில் சொன்னார்: "விஷம்னு நான் கூட்டிச் சொன்னேன்மா. டின் விக்கிற கம்பெனிக்காரங்க அத்தனை பொய் சொல்றாங்களேன்னு நானும் ஒண்ணு சொல்லிட்டேன். தாய்ப்பாலுக்கு அது ஈடு இல்ல, அது சத்தியம். ஆனா சுத்தமா, அளவா குடுத்தா விஷம் இல்ல." பிறகு எல்லாரும் பார்க்கத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, அளந்து கலந்து, தேன்மொழியின் குழந்தையை மடியில் போட்டுப் பாலாடையில் தானே ஊட்டினார். கவுன்சிலர் டின்னைத் துண்டால் மூடிக்கொண்டு வந்தார். தேன்மொழி அழுதுகொண்டே இருந்தாள். மருந்தெல்லாம் நின்று ஒரு வாரம் கழித்து, மறுபடி பால் கொடுக்க வந்தாள். சுவரெழுத்து அப்படியேதான் இருந்தது. "முதல்ல அத அழிங்க சிஸ்டர், அப்புறம் புட்டிய எடுத்துட்டு வாங்க" என்றாள்.