தாங்ஷூ நாட்டில் தடைபட்ட சொல்

வெகு காலத்துக்கு முன்பு, சீன தேசத்தின் மேற்குப் பக்கம் தாங்ஷூ என்றொரு நாடு இருந்தது. அதை ரோங் என்ற அரசன் ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் அவன் மனம் காற்றடித்த பக்கம் சாயும். காலையில் ஒருவனுக்குப் பட்டு கொடுப்பான், மாலையில் அவனையே நாடு கடத்துவான்.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. தினை முளையிலேயே கருகியது. பஞ்சம் என்று அரசவையில் அறிவித்தால், அன்றே அரசக் களஞ்சியத்தைக் குடிகளுக்குத் திறந்துவிட வேண்டும் என்பது முன்னோர் வகுத்த சட்டம். அரசனோ, தான் முடிசூடிய இருபதாம் ஆண்டு விழாவுக்கு மது காய்ச்சக் களஞ்சியத்திலிருந்த பழைய தினையை வைத்திருந்தான்.

சடங்கு அதிகாரி பெய் சூ ஒரு வழி சொன்னான். "மன்னர் பெருமானே, பஞ்சம் என்று சொன்னால்தானே திறக்க வேண்டும்? இதை நோன்பு என்று அறிவித்துவிடுவோம். பழைய சொல்லைச் சொல்பவன் நாக்கை அறுப்போம்."

அரசனுக்கு அது பிடித்துப்போயிற்று. மறுநாளே முரசு அறைந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் குவோ ஷென் என்ற ஆசான் தாங்ஷூவுக்கு வந்தார். அறுபது வயது. ஏழு நாட்டு அரசர்களுக்கு அறம் சொல்லப் போய், ஏழு பேராலும் திருப்பி அனுப்பப்பட்டவர். "எதையும் அதற்குரிய பெயரால் சொல்லுங்கள். பெயர் கோணினால் செயலும் கோணும்" என்பது அவர் போதனை. வரும் வழியில் ஒரு தாய் மரப்பட்டையை உரித்து வேகவைத்துக்கொண்டிருந்தாள். "என்னம்மா இது?" என்று கேட்டார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு, "நோன்பு ஐயா" என்றாள். ஆசான் அங்கிருந்து நேராக அரண்மனைக்கு நடந்தார்.

"அரசே, களஞ்சியத்தைத் திறக்க வேண்டும்" என்றார்.

"எதற்கு? நாட்டில் நோன்புதானே நடக்கிறது" என்றான் அரசன்.

ஏழு நாடு சுற்றியவரின் பெயர் தன் பெயரை மங்கவைத்துவிடுமோ என்று பெய் சூவுக்கு உள்ளூர எரிச்சல். அவன் அரசனின் காதருகே குனிந்தான். "பெயரைப் பற்றிப் பேசுகிறவர் அல்லவா? மூன்று நாள் கொடுங்கள். அந்தச் சொல்லைத் தான் சொல்லாமல், இந்த அவையில் ஒருவரையாவது சொல்ல வைக்கட்டும். சொன்னவர் தண்டனை பெற மாட்டார், களஞ்சியமும் திறக்கும். சொல்ல வைக்க முடியாவிட்டால் இவர் நாக்கு போகட்டும்."

அரசன் சிரித்துக்கொண்டே அதை உரக்கச் சொன்னான். "சம்மதமா ஆசானே? வேண்டாமென்றால் இப்போதே போகலாம்."

"சம்மதம்" என்றார் குவோ ஷென். "ஒன்று மட்டும் சடங்கு அதிகாரி சொல்லட்டும். நாடு முழுவதும் நோன்பு என்றால் அதை முதலில் தொடங்குவது யார்? கடைசியில் முடிப்பது யார்?"

பெய் சூ ஏட்டைப் பிரித்தான். சடங்கு ஏட்டில் இருப்பதை மாற்றிச் சொல்ல முடியாது. "அரசர்தான்" என்றான் மெல்ல. "அரண்மனை அடுப்பு முதலில் அணைய வேண்டும். தலைநகரின் கடைசிக் குடி உண்ட பிறகே அரசரும் அவையோரும் உண்ணலாம்."

அவையில் வைத்து வணங்கிய முன்னோர் பெயர்ப் பலகைகளுக்கு எதிரே பேசிய பேச்சு அது. அரசனால் மறுக்க முடியவில்லை. அடுப்புகள் அணைந்தன.

முதல் நாள் அரசன் நோன்பைப் புகழ்ந்து பாட்டுக் கேட்டான். இரண்டாம் நாள் பாடகனைத் துரத்தினான். ஆசானும் வெறும் தண்ணீர் குடித்துக்கொண்டு அவையிலேயே உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்தது, முதுகு வளையவில்லை.

மூன்றாம் நாள் பகலில் அரசன் இடைக்கச்சையைக் கட்டப் பார்த்தான். முடிச்சை இறுக்க வலுவில்லை. எதிரே நின்ற பெய் சூவின் தாடியில் எள் ஒட்டியிருந்தது. காவலர் அவன் அங்கியின் கையை உதற, இரண்டு எள் அடைகள் தரையில் விழுந்தன.

"நோன்பு என்று எனக்குச் சொன்னவனே நீதானே" என்றான் அரசன்.

அரசன் ஆசானிடம் திரும்பினான். "நான் எப்போது சாப்பிடலாம்?"

"கடைசிக் குடி உண்ட பிறகு, அரசே."

"அவர்கள் எப்போது உண்பார்கள்?"

"அவர்களும் நோன்பில்தான் இருக்கிறார்கள். அப்படித்தானே முரசு அறைந்தீர்கள்."

அரசனுக்குப் பொறுமை போயிற்று. "என்ன பேச்சு இது? சோறு இருந்தும் உண்ணாமல் இருப்பது நோன்பு. சோறே இல்லாமல் கிடப்பது பஞ்சம்."



பெய் சூ முந்திக்கொண்டான். "பசியில் வாய் தவறிய சொல், பெருமானே. இது செல்லாது."

அரசன் கட்ட முடியாமல் தொங்கிய தன் கச்சையைக் கையில் பிடித்தான். "வாய் தவறவில்லை" என்றான். "மூன்று நாளில் எனக்கே இப்படி. அவர்களுக்கு எத்தனை நாள்? களஞ்சியத்தைத் திறங்கள்."

கோட்டை வாசலில் கஞ்சி கொதித்தது. மூட்டை சுமக்கும் வேலை பெய் சூவுக்கு. யாருடைய பட்டினிக்கு நோன்பு என்று பெயர் வைத்தானோ, அந்த ஜனங்களின் வரிசைக்கு நடுவே, பட்டங்கியோடு பதினைந்து நாள் சுமந்தான். கஞ்சி ஊற்றத் தொடங்கிய அன்று அரசன் அண்டாவின் அருகே நின்றபடியே காத்திருந்தான். கடைசியாக ஒரு கிழவர் குடித்து முடித்ததும், அடியில் சுரண்டிக் கிடைத்த அரை அகப்பையை வாங்கிக் குடித்தான்.

"ஆசானே, எந்தப் பதவி வேண்டும்? முதலமைச்சர் இருக்கை காலியாக இருக்கிறது."

"அறுவடை வரைக்கும் களஞ்சியக் காவலன் வேலை போதும்" என்றார் குவோ ஷென். அருகே நின்ற தினை வண்டியின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். "வடக்குக் கிராமங்களுக்கு இன்னும் எதுவும் போகவில்லை. இருட்டுவதற்குள் வண்டி கிளம்ப வேண்டும். நானும் போகிறேன்."