சுவரில் ஐந்து இலக்கம்

குழாய் வேலை நடந்துகொண்டிருந்த புதுவீட்டின் பக்கத்து மனைக்காரர் மாலை ஐந்து மணிக்குப் பதில் கேட்க வருவதாகச் சொல்லியிருந்தார். அதனால் பரணிதரன் அந்தக் கேள்வியைக் காலையிலேயே கேட்டுவிட்டான்.

“அக்கா, ஒருத்தன் எப்போ தனியா ஒரு வீட்டு வேலை எடுக்கலாம்?”

சகாயமேரி குழாய் அறுத்துக்கொண்டிருந்தார். அறுத்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

திருவெறும்பூர்ப் பக்கம் புதுவீட்டுக்குக் குழாய் போடுவதென்றால் பலரும் சகாயமேரியைத்தான் கூப்பிடுவார்கள். வயது முப்பத்தெட்டு. பெண் பிளம்பர் என்று தொடக்கத்தில் வேடிக்கை பார்க்க வந்தவர்கள், பிறகு குழாய் ஒழுகியபோது தேடிக்கொண்டு வந்தார்கள். பரணிதரனுக்கு இருபத்து மூன்று. பி.சி.ஏ. முடித்தான், ஒரு கடையில் எட்டு மாதம் பில் போட்டான், பிறகு இவரிடம் வந்து சேர்ந்தான். இரண்டு வருடம் ஆகிறது. அவனுடைய அப்பா இன்னும் உறவுக்காரர்களிடம் “பையன் கம்ப்யூட்டர் லைன்ல இருக்கான்” என்றுதான் சொல்கிறார். சொந்தப் பொறுப்பில் ஒரு வீட்டை முடித்துக் காட்டினால் அந்தப் பொய்யை நிறுத்தச் சொல்லலாம் என்று பரணி நினைத்திருந்தான்.

“யாரு கூப்பிட்டா?”

“பக்கத்து மனை சார். ரெண்டு பாத்ரூம், ஒரு கிச்சன். என்னையே செய்யச் சொல்றார்.”

“நீ என்ன சொன்ன?”

“உங்களைக் கேட்டுட்டுச் சொல்றேன்னேன்.”

“இங்க மாடி பாத்ரூம் நீ தனியாப் போட்டதுதானே?”

“ஆமாக்கா. ஒரு ஜாயின்ட் விடாம நான்தான்.”

“அதை டெஸ்ட் போடு. அப்புறம் பேசலாம்.”

சகாயமேரியிடம் ஒரு வழக்கம் உண்டு. குழாய்களை முதலில் பசை இல்லாமல் சும்மா பொருத்தி, எல்லாம் நேராக வருகிறதா என்று பார்ப்பார். பிறகு ஒவ்வொரு ஜாயின்ட்டாகக் கழற்றிப் பசை தடவி இறுக்குவார். இறுக்கிய கையோடு அந்த ஜாயின்ட்டின் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு. கோடு இருந்தால் பசை இருக்கிறது. வேலைக்கு வந்த முதல் நாளே பரணிக்கு இதைச் சொல்லியாயிற்று.

மாடியில் டைல்ஸ் கொத்தனார் சின்னப்பன் பெட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“என்ன பட்டதாரி, உன் பரீட்சை எப்போ முடியும்? நான் சுவத்தைத் தொடணும்.”

“ரெண்டு மணி நேரம்ணே.”

பரணி குழாயில் தண்ணீரை நிரப்பி, கைப்பம்பை அழுத்தினான். மீட்டரின் முள் பத்து கிலோ அழுத்தத்துக்கு ஏறியது. வால்வை மூடினான். முள் நின்ற இடத்தில் கண்ணாடிமேல் ஒரு புள்ளி வைத்தான்; எங்காவது கசிந்தால் முள் அதைவிட்டு இறங்கும். சின்னப்பன் சாப்பிட்டார், வெற்றிலை போட்டார், ஒரு தூக்கமும் போட்டார். இரண்டு மணி நேரம் கழித்தும் முள் புள்ளியிலேயே இருந்தது.

“நின்னுடுச்சுக்கா!”

சகாயமேரி மேலே வந்தார். மீட்டரைப் பார்த்தார். பள்ளமாகக் காடி வெட்டிய சுவரில் ஓடிய குழாயையும் கோடுகளையும் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து மார்க்கரை எடுத்து நீட்டினார்.

“குழாய் பக்கத்துல, சுவத்துல, உன் பேரையும் போன் நம்பரையும் எழுது.”

“இது மேல டைல்ஸ் வந்துடுமேக்கா. யாரு பார்ப்பா?”

“ஒழுகினா உடைக்கிறவன் பார்ப்பான்.”

சின்னப்பன் சிரித்தார். “அப்படியே தெரு, ஊரு, பின்கோடு எல்லாம் எழுதிடு. தபால்ல திட்டி அனுப்புவாங்க.”

பரணி பெயரை எழுதினான். அதன்கீழ் நம்பரை எழுதத் தொடங்கினான். ஐந்தாவது இலக்கத்தில் கை நின்றது.

கண்ணுக்கு நேரே கீசருக்குப் போகும் எல்போ, குழாய் வளையும் மூட்டு. அதன் குறுக்கே கோடு இருந்தது. அதற்கு அடுத்ததிலும் இருந்தது. கீசர் பக்கம் ஏறும் எட்டு ஜாயின்ட்டிலும் ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். ஒரே மூச்சில் போட்ட கோடுகள்.

செவ்வாய்க்கிழமை பாதி வேலையில் பசை டப்பா காய்ந்துபோனது. புதிது எடுக்கக் கீழே போனான். டீ வந்திருந்தது, குடித்தான். திரும்பி வந்து மிச்சத்துக்குப் பசை தடவினான். ஸ்டூலில் ஏறி இறங்கச் சலித்துக்கொண்டு, அந்த எட்டுக் கோடுகளையும் கடைசியில் ஒன்றாகப் போட்டான். மிச்சம் என்று எந்த ஜாயின்ட்டிலிருந்து தொடங்கினான்?

“என்னப்பா, சொந்த நம்பரே மறந்துபோச்சா?” என்றார் சின்னப்பன்.

பரணி மார்க்கரைக் கீழே வைத்தான். வால்வைத் திறந்து தண்ணீரின் அழுத்தத்தை இறக்கினான். எல்போவை இரண்டு கையாலும் பிடித்துத் திருகினான். அசைந்தது. இன்னொரு திருகு. குழாய் கையோடு கழன்று வந்தது. அதன் நுனியில் பசையின் சுவடே இல்லை. உள்ளே மிச்சமிருந்த தண்ணீர் டைல்ஸ் பெட்டியில் கொட்டியது.

“அடப்பாவி! முள்ளு நின்னுதேப்பா?”

“சில சமயம் பசை இல்லாட்டியும் இறுக்கத்துலயே நின்னுடும்,” என்றார் சகாயமேரி. “சுடுதண்ணி நாலு மாசம் ஓடினா கழண்டுக்கும்.”

பரணி அவரைப் பார்த்தான். “உங்களுக்கு முன்னாடியே தெரியுமாக்கா?”

“எனக்கு எப்படித் தெரியும்? கோடு போட்டிருந்தியே.”

அவர் திட்டியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கீழே போய்விட்டார்.

பரணி எல்லாக் கோடுகளையும் ஈரத்துணியால் அழித்தான். மற்ற முப்பது ஜாயின்ட்டையும் ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தான். எதுவும் அசையவில்லை. ஒவ்வொன்றையும் பார்த்த கையோடு அதற்கு ஒரு கோடு போட்டான். எல்போவுக்குப் பசை தடவி இறுக்கினான். இனி மறுநாள் காலையில்தான் திரும்ப டெஸ்ட். அரைநாள் போச்சு என்று முணுமுணுத்துக்கொண்டே சின்னப்பன் சாமானைக் கட்டினார். சுவரில் ஒரு பெயரும் ஐந்து இலக்கமும் அப்படியே இருந்தன.

ஐந்து மணிக்கு வாசலில் வண்டி வந்து நின்றது.

“தம்பி! பரணி!” பக்கத்து மனைக்காரரின் குரல்.

சகாயமேரி பம்பின் டியூபைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பரணி கையைக் கழுவிவிட்டு அவர் எதிரே வந்து நின்றான்.

“வேற ஆளைப் பார்த்துக்கச் சொல்லிடறேன்க்கா.”

“அவர்கிட்ட உன் நம்பர் இருக்கா?”

“இல்லக்கா. உங்க நம்பரைத்தான் கொடுத்திருக்கேன்.”

“இப்போ உன்னோடதைக் கொடு. பாதியில நிறுத்திடாதே, பத்தையும் எழுது.”