குமிழ் நிற்கும் அறை

எபனேசர் சார் ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் பியூலாவிடம் போனார். கிறிஸ்துமஸுக்குத் திராட்சை ஒயின் போடக் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டார்.

குன்னூர் மார்க்கெட்டுக்கு மேலே பியூலா சின்னதாக ஒரு பேக்கரி வைத்திருந்தாள். வருஷாவருஷம் வீட்டுக்கு மட்டும் ஒயின் போடுவாள். அவள் கைபட்ட ஒயின் கெட்டுப்போனதாக யாரும் சொன்னதில்லை. ஒரு காலத்தில் அவர் ஆசிரியராக இருந்த பள்ளியில் அவள் ஏழாம் வகுப்பு படித்தவள்.

"நான் சொல்றபடி செய்வீங்களா, சார்?"

"செய்வேன்."

"ஏன்னு கேப்பீங்களா?"

"கேப்பேன்."

"கேளுங்க. தெரிஞ்சாச் சொல்றேன்."

அவள் சொன்னபடியே செய்தார். கறுப்புத் திராட்சையைக் கழுவித் துடைத்துக் கையால் பிசைந்தார். சர்க்கரையும் ஈஸ்ட்டும் ஒரு பிடி கோதுமையும் போட்டு, ஐந்து நாள் மரக்கரண்டியால் கிளறினார். பிறகு வடிகட்டி, பின்னறையில் ஒரு பெரிய கண்ணாடி ஜாடியில் ஊற்றி ரப்பர் கார்க்கால் மூடினார். கார்க்கில் ஓட்டை போட்டு, ஆஸ்பத்திரி சலைன் குழாய் ஒன்றைச் செருகி, மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டார். ஜாடிக்குள் இருக்கும் காற்று குமிழாக வெளியே வரும். வெளிக்காற்று உள்ளே போகாது.

மறுநாள் காலை அவர் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது, பின்னறையிலிருந்து சத்தம் வந்தது.

குளுக்.

கொஞ்ச நேரம் கழித்து, மறுபடி குளுக். தூங்குகிறவர் மூச்சைப் போல ஒரே சீராக வந்தது.

சந்தோஷமாக எழுந்து போனார். கதவைத் திறந்தார். சத்தம் நின்றது.

கால் மணி நேரம் ஜாடியின் முன்னால் நின்றார். பாட்டிலில் ஒரு குமிழ்கூட வரவில்லை. வெளியே வந்து கதவைச் சாத்தினார். பத்து எட்டு நடந்திருப்பார்.

குளுக்.

கதவைத் திறக்கும்போது குளிர் உள்ளே போகிறது என்று நினைத்தார். தெர்மோகோல் அட்டையால் ஜாடிக்கு ஒரு பெட்டி செய்து, மீன்தொட்டி ஹீட்டரைத் தண்ணீர் வாளியில் போட்டு உள்ளே வைத்தார். நின்றது. மரத்தரை அதிர்கிறதோ என்று சைக்கிள் டியூபை வெட்டி ஜாடிக்கு அடியில் கொடுத்தார். நின்றது. கதவுக் கீலுக்கு எண்ணெய் போட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுப் போனார். மூன்றாம் நாள், கதவைத் திறந்தே போட்டு, எதிர்ச்சுவரில் ஒரு கண்ணாடியை மாட்டி, நடையில் நின்றபடி அதில் பார்த்தார். கண்ணாடிக்குள் குமிழ் வந்துகொண்டிருந்தது. ஏழு எண்ணினார். எட்டாவது குமிழ் குழாயின் நுனியில் பாதி திரண்டு, உடையாமல், அப்படியே நின்றது.

அவர் நகரும்வரை அது அங்கேயே இருந்தது.

அன்று பிற்பகலே பியூலாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் தனியாக உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். குமிழ் வந்தது. எபனேசரின் மனைவி ஜெயசீலியைக் கூப்பிட்டாள். அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். குமிழ் வந்தது.

"இப்ப நீங்க வாங்க, சார்."

அவர் வந்தார். நின்றது. ஜெயசீலி சத்தமில்லாமல் சமையலறைக்குப் போய்விட்டாள்.

பியூலா தன் முன்கையைத் தேய்த்துக்கொண்டாள். ரோமம் சிலிர்த்திருந்தது.

"ஏன் இப்படி?" என்று கேட்டார்.

"தெரியலை சார். பத்தொன்பது வருஷமாப் போடுறேன். இப்படி நான் பார்த்ததில்லை."

"என்ன செய்யட்டும்?"

அவள் யோசித்தாள். "நீங்க இருக்கறப்ப என்ன ஆகுதுன்னு பாத்துட்டீங்க. வீட்லயே இல்லாதப்ப என்ன ஆகுதுன்னு கேட்டீங்களா?"

மறுநாள் காலை பத்து மணிக்கு, செல்போனில் ஒலிப்பதிவைத் தட்டிவிட்டு, ஜாடியின் பக்கத்தில் வைத்தார். வெளியே போனார். ஒன்றரை மணி நேரம் மலைப்பாதையில் மேலும் கீழும் நடந்தார். திரும்பி வந்து போனை எடுத்துக்கொண்டு, மறுபடி வெளியே போய், சர்ச் வாசலில் இருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். மேகம் இறங்கி, எதிரே இருந்த வீடுகள் மறைந்திருந்தன. போனைக் காதில் வைத்தார்.

குளுக். குளுக்.

சிறிது நேரத்தில், அதற்கு அப்பால், ஒரு பெண் பாடினாள்.

பக்கத்து வீட்டு ரேடியோ என்று நினைத்தார். ஆனால் பாட்டு நடுவில் நின்று, பாத்திரம் உருண்டு, ஒரு தும்மல் கேட்டு, மறுபடி தொடர்ந்தது. சின்னக் குரல் இல்லை. நன்றாகத் திறந்த, பயமில்லாத குரல். ஜெயசீலிக்கு அப்படி ஒரு குரல் இருப்பது அவருக்குத் தெரியாது. கல்யாணமாகி முப்பத்தாறு வருஷம் ஆகியிருந்தது.

அவள் பாடிக்கொண்டே இருந்தாள். ஜாடி குமிழ் விட்டுக்கொண்டே இருந்தது. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் தூரத்தில் இரும்புக் கேட்டின் கொக்கி விழும் சத்தம் கேட்டது.

பாட்டு ஒரு சொல்லின் பாதியில் அறுந்தது.

குமிழ் நின்றது.

ஒன்றுமே இல்லாத அந்த அமைதிக்குள் காலடி கேட்டது. நிதானமான, கனமான காலடி. படியேறி, முன்னறையைக் கடந்து, நடையில் நெருங்கி வந்தது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். கதவு திறந்தது.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த எபனேசர் சார், தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதை அப்போதுதான் உணர்ந்தார்.

நேராக பேக்கரிக்குப் போனார். பியூலா பன்னுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். போனை மேஜையில் வைத்து, கடைசிப் பகுதியை ஓடவிட்டார்.

பாட்டு வந்தபோது பியூலா சிரித்தாள். "அம்மாவா? நல்லாப் பாடுறாங்களே."

கொக்கி விழுந்தது. காலடி வந்தது. நடையில் நெருங்கியது.

பியூலாவின் கை மாவிலிருந்து விலகியது. அவள் நிமிர்ந்தாள். இரண்டு கையும் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போயின. கண் தரையைப் பார்த்தது.

ஒலி முடிந்தது. அவள் தன் கைகளை முன்னால் கொண்டுவந்து, யாருடையதோ போலப் பார்த்தாள். அவரும் பார்த்தார்.

"பியூலா, உனக்கு இப்ப என்ன வயசு?"

"நாப்பத்திரண்டு, சார்."

அடுப்பில் எதுவோ வெடித்து அடங்கியது. அவர் கேட்டார்.

"நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க."

அவளை அவர் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. அவள் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"நாளைக்கு வெளியே போயிட்டு வரப்போ, கேட் வாசல்லேருந்தே பாடிக்கிட்டே உள்ள போங்க."

"எனக்குப் பாட வராதே."

"பரவாயில்லை."

"தப்புத் தப்பா வரும்."

"வரட்டும், சார்."

மறுநாள் மத்தியானம் அவர் பேக்கரிக்கு வந்தார். வெயில் இல்லாவிட்டாலும் நெற்றி வேர்த்திருந்தது. பியூலா ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"பாடினீங்களா?"

"கேட்டுக்கு வெளியே அரை மணி நேரம் நின்னேன். அப்புறம் பாடினேன். அவ பாடின அதே பாட்டு. ரெண்டு வரி."

"அம்மா?"

"பாத்திரச் சத்தம் நின்னுச்சு. வீடே செத்த மாதிரி இருந்துச்சு. திரும்பிப் போயிடலாமான்னு நினைச்சேன். அப்புறம் சமையலறைக்குள்ளேருந்து, வெளியே வராமலே சொன்னா. ரெண்டாவது வரி தப்புன்னு."

"அப்படிச் சொன்னாங்களா?"

"ம். எங்கிட்ட இதுவரைக்கும் அவ..." அவர் முடிக்கவில்லை.

பியூலா ஒரு பன்னை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவர் தொடவில்லை.

"ஜாடி?" என்று கேட்டாள்.

"நான் உள்ளே போனதும் நின்னுடுச்சு. பக்கத்துல உக்காந்து பாத்தேன். அசையலை. சர்க்கரை இன்னும் மிச்சம் இருக்கு, வாயில வச்சுப் பாத்தேன். எல்லாம் சரியா இருக்கு. ஏன் நிக்குது, பியூலா?"

"அது இன்னும் உங்களை நம்பலை, சார்," என்றாள் பியூலா. "இன்னைக்கு மூணாவது வரியைப் பாடுங்க."